கழற்றி வைத்த மணிக்கூடு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறையில் கல்லூரிகளுக்கிடையிலான டென்னிஸ் போட்டியை நடத்தியவர் அவர். ஒல்லியான உடம்பு, சுண்ணாம்பு படிந்த விரல்கள். எல்லைக் கோடுகளைக் காலையில் தாமே போடுவார். யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணையையும் தாமே எழுதுவார்.

என் எதிராளி நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் வரவேண்டியவன். பதினைந்து நிமிடம் பிந்தினால் ஆடாமலே தோற்றதாகக் கொள்வது விதி. எனக்கு அந்த வெற்றியே போதும். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

"சேர், அரை மணித்தியாலம் பிந்தியாச்சு. அரையிறுதிக்கு என்ரை பேரை எழுதுங்கோ" என்றேன்.

அவர் வெறும் இடது கையைக் காட்டினார். மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"ஆள் கடலிலை நிக்கிறார், தம்பி. காத்தோடை சண்டை பிடிக்க அவராலை ஏலுமே? கால் கரையிலை பட்ட பிறகுதான் என்ரை பதினைஞ்சு நிமிசம். நீர் போய்த் தண்ணி குடியும்."

வள்ளம் வந்தது. அவர் மணிக்கூட்டைக் கட்டினார். நான் தோற்றேன். கோபத்தில் விதிப் புத்தகத்தை வாங்கித் தேடினேன்; அவர் சொன்னது அதில் எங்குமே இல்லை.

அடுத்த வருடப் போட்டி காரைநகரில். நடத்துபவர் அவரே. எங்கள் வள்ளத்தின் இயந்திரம் நடுவழியில் நின்றுவிட்டது. "எல்லாம் முடிஞ்சுது" என்று தலையில் கைவைத்தான் கூட்டாளி. அதைத் திருத்தி மறுபடி ஓடவைக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. நான் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறையில் அவர் நின்றார். எங்களைக் கண்டு உயர்த்திய இடது கையில் மணிக்கூடு இல்லை.