ரீசெட் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ‘ரீசெட்’ என்று பட்டப்பெயர் வைத்தது நானில்லை, அவரோடு வேலை செய்கிறவர்கள். லிஃப்ட் பழுதுபார்க்கிற உத்தியோகம். எங்காவது லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்த ஆரம்பித்தால், அத்தான் மூச்சிரைக்க மொட்டைமாடிக்கு ஓடுவார். மெயின் சுவிட்சை இறக்குவார், கொஞ்சம் பொறுத்து ஏற்றுவார். முக்கால்வாசி நேரம் லிஃப்ட் ஒன்றுமே நடக்காதது போல நகரும். ஏன் நின்றது என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஆட்கள் வெளியே வர வேண்டும்.

வீட்டிலும் அப்படித்தான். டி.வி. நின்றால் ரீசெட், மோட்டார் நின்றால் ரீசெட். அக்காவோடு சண்டை முற்றினால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வந்து, “என்ன சமையல்?” என்பார். அக்கா சிரித்துவிடுவாள். இப்படி ஒரு மனுஷரிடம் யாரால் கோபப்பட முடியும்? என்னால் முடியும். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். திரும்பும்போது வாந்தியும் தலைசுற்றலுமாக வருவாள். தலையணை, போர்வை, பிளாஸ்டிக் வாளி எல்லாம் போட்டு அத்தான் தன் பழைய காரின் பின்சீட்டையே கட்டிலாக்கி வைத்திருந்தார்.

அன்று காலை, கொட்டுகிற மழையில் அந்தக் கார் என் ஒர்க்‌ஷாப் வாசலுக்குத் தவழ்ந்து வந்தது. டாஷ்போர்டில் கியர் படம் போட்ட மஞ்சள் விளக்கு. பின்சீட்டில் அக்கா, முகம் உப்பி, பாதம் செருப்புக்குள் நுழையாமல். போன முறை காய்ச்சலென்று டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தாள். இன்றைக்கும் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“மச்சான், கியர் மாறவே மாட்டேங்குது. சட்டுனு பாரேன்,” என்றார் அத்தான்.

வண்டியின் பழுதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினேன். எரர் கோட் வந்தது. இன்ஜின் சுற்றுகிற வேகமும் சக்கரம் சுற்றுகிற வேகமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். கியர் ஆயில் குறைந்தாலும் இதேதான் வரும், உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்தாலும் இதேதான் வரும். எது என்று தெரிய, விளக்கு முதலில் எரிந்தபோது வண்டி தன் நினைவில் பதிந்து வைத்ததைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். பழையது எதுவுமே இல்லை, யாரோ சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

“இது எப்போலேர்ந்து எரியுது அத்தான்?”

“இன்னிக்குத்தான்...” என்று இழுத்தவரின் கை சட்டைப்பையை மூடியது. விலக்கிப் பார்த்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு மலிவு ஸ்கேனர்.

“அடக் கடவுளே! தெனமும் இதை வச்சு அழிச்சிட்டிருந்தீங்களா?”

“அழிச்சா நல்லாத்தான் ஓடுது மச்சான்.”

“நல்லா ஓடுதா? உள்ள எரியுதுன்னுதான் வண்டி தன்னைத்தானே ஒரே கியர்ல கட்டிப்போட்டுக்குது! நீங்க அதை அவுத்துவிட்டு அவுத்துவிட்டு ஓட்டியிருக்கீங்க! புத்தி இருக்கா உங்களுக்கு?”

“கத்தாத, கேட்டுடப் போறா,” என்று என் கையைப் பிடித்தார். “இந்த விளக்கைப் பாத்தா உங்க அக்கா ஏற மாட்டா. வண்டி சரியில்ல, இன்னிக்கு வேணாம்னு உள்ள போய்ப் படுத்துக்குவா. அவளுக்கு ஒரு சாக்கு கெடைச்சா போதும் மச்சான். அலுத்துட்டா.”

பானெட்டைத் திறந்தேன்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். நுனியில் மட்டும் கறுப்பாக ஈரம், கருகிய நாற்றம். வண்டிக்கு அடியில் மூடியிருக்கும் தகட்டைக் கழற்றியதும் தேங்கியிருந்த ஆயில் மடமடவென்று கொட்டியது. ஒரு ரப்பர் குழாயில் நகநீள வெடிப்பு. கசிந்ததையெல்லாம் தகடு தாங்கிக்கொண்டதால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. விளக்கு எரிந்த அன்றைக்கே வந்திருந்தால் குழாயை மாற்றி அனுப்பியிருப்பேன். இப்போது மாற்றினேன், புது ஆயில் ஊற்றினேன், கியர் போட்டேன். இன்ஜின் அலறியது, கார் நகரவில்லை. கிளட்ச் தட்டுகள் கருகிவிட்டிருந்தன.

அக்கா கண்ணாடியை இறக்கினாள். “போகாதில்ல தம்பி? விடு. வீட்டுக்கே போயிடலாம்.”

பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

அத்தான் அந்தத் தீப்பெட்டியைச் செருகி அழுத்தினார். விளக்கு அணைந்தது. “பாத்தியா, அணைஞ்சிடுச்சு! ஏறு, போலாம்!” முன் கியர், பின் கியர், மறுபடி முன் கியர். கார் அசையவில்லை. திரும்ப அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார்.

“போதும் அத்தான். வண்டி செத்துப்போச்சு.”

“அந்த வார்த்தையைச் சொல்லாதடா!” என்று கத்தினார். அத்தான் கத்தி நான் கேட்டதே இல்லை.

வாடகை வண்டிகளுக்கு ஃபோன் போட்டேன். மழைக்கு ஒருத்தனும் அசையவில்லை. பிரேக் வேலை முடிந்து, சொந்தக்காரருக்காகக் காத்திருந்த ஒரு கார் உள்ளே நின்றிருந்தது. ஆணியில் தொங்கிய அதன் சாவியை எடுத்தேன். கேட்டால் என்னவோ சொல்லிக்கொள்ளலாம். அக்காவை இருவருமாகத் தூக்கினோம். “நான் வரலைன்னு சொல்றேன்ல!” என்று கையை உதறினாள். பின்சீட்டில் சாய்த்ததும், “இன்னும் எத்தனை நாளைக்குங்க இப்படி?” என்று கேட்டாள். அத்தான் தலையணையைச் சரிசெய்தார். முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தெருவைத் தாண்டவில்லை, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கி, பீப் பீப் என்று கத்தியது. அத்தானின் கை சட்டைப்பைக்குப் போனது, பாதியில் நின்றது.

“மச்சான், நிறுத்து. என்னன்னு மொதல்ல பாரு.”

“ஒண்ணுமில்ல அத்தான். நீங்க சீட் பெல்ட் போடல.”

தடுமாறி இழுத்து மாட்டினார். விளக்கு தானாக அணைந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து, மூச்சு வாங்க வாங்க, அக்கா சொன்னாள்: “அழாதீங்க. அதான் வரேன்ல.”