திறந்தவளே மூட வேண்டும்

இரண்டரை வருடம் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு வீடியோ கேம் ஆடினேன். அத்திப்பட்டில் எங்கள் தெருவில் யாரும் இதை நம்பவில்லை. அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த அப்பா, யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். வயசுக்கு வந்த பெண் போய் விளையாடுகிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

உண்மையில் அதில் விளையாட்டு எதுவும் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்காக எங்கள் ஆட்கள் செய்யும் கேமை முழுக்க ஆடி, எங்கே சுவருக்குள் கால் புகுந்துவிடுகிறது, எங்கே துப்பாக்கி சுட்டும் சத்தம் வரவில்லை என்று குறை கண்டுபிடிப்பது என் வேலை. குறைக்கு 'பக்' என்று பெயர். கண்டுபிடித்ததைக் கம்ப்யூட்டரில் ஒரு பொதுப் பட்டியலில் ஏற்ற வேண்டும். யார் படித்தாலும் அதே இடத்துக்குப் போய் அதே குறையைப் பார்க்கும்படி, படிப்படியாக எழுத வேண்டும். சரிசெய்கிறவர்கள் எழுதியதை மட்டும்தான் சரிசெய்வார்கள். இன்னொரு விதியும் உண்டு. ஒரு பக்கைத் திறந்தவர்தான் அதை மூட வேண்டும். மூடும் பொத்தான் வேறு யார் திரையிலும் இருக்காது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் மாடிதான் எங்கள் அலுவலகம். ஆலை முதலாளியின் மருமகனுக்கு கேம் கம்பெனி ஆசை வந்திருந்தது. கீழே லாரியிலிருந்து பழைய இரும்பைக் கொட்டினால் மேலே மானிட்டர் ஆடும். காலையில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் கரித்தூள் கொட்டும். மாடியில் இருபத்திரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. கீழே இறங்கி, ஆலை முற்றத்தைத் தாண்டி, வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் எழுந்ததும் ஒருத்தன் மணி என்ன என்று சத்தமாகச் சொல்வான். திரும்பி வந்ததும் இன்னொருத்தன் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

அப்பாவின் மின் நிலையத்தை வைத்து எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'கரண்டு'. நான் உள்ளே நுழைந்ததும், "கரண்டு வந்துச்சுடா, தொட்டுடாதீங்க, ஷாக் அடிக்கும்" என்பான் லீட். லீட் என்றால் எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவன். யாருடைய வேலை நிரந்தரம் ஆகும், ஆகாது என்பது அவன் கையெழுத்தில் இருந்தது. நான் சிரித்து வைப்பேன். சிரித்தால் அடுத்த ஆளிடம் போய்விடுவான் என்று தெரிந்து வைத்திருந்தேன். அந்த அடுத்த ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் பள்ளிப்பட்டுக்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள். கும்மிடிப்பூண்டியிலேயே வேறு ஆலைப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கேமில் வரும் மரங்களுக்கும் சுவர்களுக்கும் வானத்துக்கும் நிறம் தீட்டுவது அவள் வேலை. கரும்பு போட்டிருந்த அவளுடைய நைனா ஒரு வருடம் கெடு கொடுத்திருந்தார். வேலை நிரந்தரமானால் தொடரலாம், இல்லையென்றால் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அது லீட்டுக்கும் தெரியும். திரையைப் பார்க்கிற சாக்கில் பின்னால் நின்று அவள் தோளில் தாடையை வைப்பான். அவள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். பொன்னேரிக்குக் காரில் போய்ச் சாப்பிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, எல்லோர் முன்னாலும், "எனக்கு வர இஷ்டமில்ல சார்" என்றாள்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கேமின் புதிய பதிப்பு என்னிடம் வந்தது. நான்காம் கட்டத்தில், பாழடைந்த கோட்டையின் படிக்கட்டில், ஒரு பேய்ப் பெண் எதிரே வருவாள். ஒவ்வொரு குண்டுக்கும் அவள் மேலிருந்து ஒரு துணி விழும். அது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். வெட்கம் கெட்டுப்போய் நானும் அதற்குப் பழகியிருந்தேன். அன்று அவளுக்கு முகம் மாறியிருந்தது. பள்ளிப்பட்டுக்காரியின் முகம். அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவை அப்படியே ஒட்டியிருந்தார்கள், இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம் உட்பட.

அவளிடம் போயிருக்கலாம். மருமகனிடம் போயிருக்கலாம். ஆத்திரத்தில் கை பழகிய இடத்துக்குப் போனது. பட்டியலைத் திறந்து எழுதினேன்: 'நான்காம் கட்டத்துக்குப் போகவும். இடப்பக்கப் படிக்கட்டில் ஏறவும். எதிரியை மூன்று முறை சுடவும். எதிரியின் முகம் நம்மோடு வேலை செய்யும் பெண்ணின் முகம். இடது கண்ணுக்குக் கீழே மச்சம் உள்ளது. எத்தனை முறை நிகழ்கிறது: ஒவ்வொரு முறையும். தீவிரம்: மிக அதிகம்.'

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் மாடியில் அத்தனை பேரும் நான் எழுதிய படிகளைப் பிடித்துக்கொண்டு நேராக அந்தக் கோட்டைக்குப் போய்விட்டார்கள். கீழே ஆலையிலிருந்துகூட இரண்டு பேர் மேலே வந்து பார்த்தார்கள். அதுவரை செய்தவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் மட்டும் தெரிந்திருந்த ஒன்றுக்கு வழி சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து கீழே போனாள். யாரும் மணி சொல்லவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதியிருக்கலாம் இல்லக்கா?" என்றாள்.

"தப்புதான்மா. மூடிடட்டுமா?"

"வேணாம். வெள்ளிக்கிழம வெளிநாட்டுக்காரங்க லிஸ்ட்ட பாப்பாங்க இல்ல? பாக்கட்டும். இப்டி நடந்துச்சுன்னு எழுத்துல இருக்கறது அது ஒண்ணுதான். அவங்க கேட்டாதான் இவன் என் வேலைக்கி போடற கையெழுத்துல வெளாட மாட்டான். நீ மட்டும் மூடிடாதக்கா."

மூட மாட்டேன் என்று அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

புதன்கிழமை லீட் பட்டியலில் பதில் போட்டிருந்தான்: 'வேண்டுமென்றே வைத்தது. குறை அல்ல.' இனி நான் மூட வேண்டியதுதான் பாக்கி. நான் தொடவில்லை. வியாழக்கிழமை மருமகன் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே லீட்டும் உட்கார்ந்திருந்தான்.

"பசங்க தமாஷ் பண்ணானுங்க, நீ போய் அத்த பெரிசு பண்ணிக்கினு. மொகத்த மாத்திடறோம்மா. நாளைக்கி அவங்க லிஸ்ட்ட பாக்கறாங்க. மொதல்ல நீ அத்த மூடு," என்றார் மருமகன். குரல் தன்மையாகத்தான் இருந்தது.

"மாத்துனதும் மூடறேன் சார்," என்றேன்.

லீட் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னான்: "இன்னாத்துக்கு சார் பேஜாரு? இவங்க ஊட்டுக்கு ஒரு போன் போடுவோம். ஒங்க பொண்ணு ஆபீஸ்ல குந்திக்கினு இன்னா மாரி படம் பாக்குதுன்னு தெரியுமான்னு அவங்கப்பாவ கேப்போம்."

அப்பா அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். மறுநாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "போதும்மா, இனிமே போவாத" என்பார். அதோடு என் ரயில் பாஸ், என் வேலை, தலை நிமிர்ந்து நான் வீட்டுக்கு வெளியே கழித்த பகல்கள் எல்லாம் முடிந்துவிடும். இத்தனை வருடத்தில் நான் செய்ததற்கு எவ்வளவோ கௌரவமான காரணங்களைத் தேடிப் பார்த்துவிட்டேன். பயந்தேன், அவ்வளவுதான்.

என் இடத்துக்கு வந்து பொத்தானை அழுத்தினேன். காரணம் எழுதாமல் பட்டியல் மூட விடாது. 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். நிமிர்ந்தபோது அவள் சுவரோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து அவளிடம் போய், "மொகத்த மாத்திடறாங்களாம்" என்றேன்.

"சரிக்கா," என்றாள். திரையில் பாதி பச்சை தீட்டிய மரம் ஒன்று இருந்தது. மீதியைத் தீட்டத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் பட்டியலைப் பார்த்தார்கள். திறந்திருப்பவை மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவளை ஊருக்கு அழைத்துப்போக அவளுடைய நைனா வந்தார். கேட்டருகே அவள் பெட்டியோடு வெயிலில் நின்றிருந்தார். கறுத்த, மெலிந்த மனிதர். அவளை வழியனுப்ப நான் இறங்கிப் போனேன்.

"இந்த இரும்புத் தூசு ஒத்துக்கல, மூச்சு வாங்குதுன்னிச்சும்மா. ஒடம்ப விட வேலயா பெரிசு?" என்றார். பிறகு என்னைச் சற்று உற்றுப் பார்த்தார். "அத்திப்பட்டு பொண்ணு நீதானா? கூடவே இருந்து நல்லா பாத்துக்கினியாமே. சொல்லிச்சு." இரண்டு கையையும் கூப்பினார்.

அவள் முற்றத்தில் திரும்பிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானும் அவருக்குக் கை கூப்பினேன்.

திங்கட்கிழமை புதிய பதிப்பு வந்தது. நான்காம் கட்டத்துக்குப் போய் இடப்பக்கப் படிக்கட்டில் ஏறினேன். பேய்ப் பெண் வந்தாள். அதே கண், அதே மூக்கு, அதே உதடு. மச்சத்தை மட்டும் எடுத்திருந்தார்கள்.

புதிதாக ஒன்றைத் திறந்திருக்கலாம். லீட் என் பின்னால் வந்து நின்றான். என் நாற்காலியின் முதுகில் கை வைத்து, "இன்னா கரண்டு, சரியா கீதா?" என்றான். நான் மூன்று முறை சுட்டேன். 'நான்காம் கட்டம்: குறை இல்லை' என்று எழுதிவிட்டு ஐந்தாம் கட்டத்துக்குப் போனேன்.