ஒடித்துப் போட்ட ஸ்பகெட்டி

மகளின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அசல் ஸ்பகெட்டி சமைத்துப் போடுகிறேன் என்று மிலானிலிருந்து போனில் சொல்லிச் சொல்லியே ஊர் வந்து சேர்ந்தாள் நார்சிசா. மூன்று வயதில் விட்டுப் போன பிள்ளை. பெட்டி பெட்டியாக அனுப்பிய சாக்லேட்டால் முடியாததை ஒரு சட்டிச் சாப்பாடு முடித்துவிடும் என்று நம்பினாள். வேறு என்ன தெரியும் அவளுக்கு? இத்தனை வருஷமும் அங்கே ஒரு பணக்காரக் கிழவிக்குச் சமைத்து, ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டதுதான் அவள் பிழைப்பு.

சொந்த ஊரான லிப்பாவில் மகள் ரோவெலினை வளர்த்தது நார்சிசாவின் தங்கை லெர்மா. ரோவெலின் அவளைத்தான் அம்மா என்பாள். பெற்றவள் வெறும் மம்மி. நார்சிசா அதைக் கேட்டும் கேட்காதவள் போல இருந்துவிடுவாள்.

விருந்தன்று காலையில் லெர்மா ஊர் வழக்கப்படி இனிப்பு ஸ்பகெட்டி செய்ய வாழைப்பழ கெச்சப்பையும் சிவப்பு சாசேஜையும் டின் பாலையும் எடுத்து வைத்தாள்.

"இது ஸ்பகெட்டியாடி? மிட்டாய். இத்தாலிக்காரன் பார்த்தா அழுதுடுவான்."

"இத்தாலிக்காரனை யாருக்கா கூப்பிட்டா? சாப்பிடப் போறது நம்ம தெருதானே."

"இன்னிக்கு ஒரு நாள் என்னைச் செய்ய விடு."

லெர்மா ஒதுங்கிக்கொண்டாள். ஆனாலும் கொல்லையில் தன் சட்டியையும் ஏற்றினாள். அக்காவை நம்பித் தெருவைப் பட்டினி போட அவள் தயாராக இல்லை.

நார்சிசா சர்க்கரையே சேர்க்காமல் தக்காளியை வதக்கினாள். தண்ணீர் கொதித்ததும், கொண்டுவந்த பாக்கெட்டுகளைப் பிரித்து, கைகொள்ளாமல் அள்ளி, மளுக்கென்று ஒடித்து, மறுபடியும் ஒடித்து, எல்லாவற்றையும் உள்ளே போட்டாள். கை தன்பாட்டுக்குச் செய்தது.

உதவிக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தெருப் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறந்தநாளுக்குச் சமைக்கும் நூடுல்ஸ் நீளமாகவே இருக்க வேண்டும். ஒடித்தால் ஆயுசு ஒடியும். சீனர்கள் கொண்டுவந்த நம்பிக்கை, பின்னால் வந்த ஸ்பகெட்டியையும் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நார்சிசாவுக்கும் தெரியும்.

"என்னக்கா பண்ணிட்டே?" என்றாள் லெர்மா மெதுவாக.

பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். "பெத்தவளே செய்ற காரியமா இது?"

விருந்தில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்லவில்லை. ஒரு வாய் புளிப்பைத் தின்று, "வெளிநாட்டு ருசி, பிரமாதம்" என்று தட்டை ஓரமாக வைத்துவிட்டு, லெர்மாவின் சட்டிக்கு வரிசை கட்டினார்கள். நார்சிசாவும் அதில் ஒரு வாய் எடுத்தாள். மிலானில் எத்தனையோ முறை நினைத்து அழுத இனிப்பு. இப்போது குமட்டியது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பாழாய்ப்போன கிழவி, உழைப்போடு நாக்கையும் பிடுங்கிக்கொண்டாள்.

ரோவெலின் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். துண்டு துண்டாகக் கிடந்ததை முள்கரண்டியால் கிளறினாள்.

"ஏன் மம்மி ஒடிச்சீங்க?"

"பழக்கம்டா. அந்தக் கிழவிக்கு நீளமா போட்டா தொண்டையில சிக்கிக்கும். உனக்கும் சின்ன வயசுல அப்படித்தான் ஒடிச்சுக் குடுப்பேன்."

"எனக்கு இப்ப சிக்காது மம்மி," என்றாள் ரோவெலின். குரலில் கோபம்கூட இல்லை. தட்டை நார்சிசாவின் கையில் கொடுத்துவிட்டு லெர்மாவின் சட்டியைப் பார்த்துப் போனாள்.