மருந்தடிக்கிற சுருளி

முதுகிலிருந்த ஸ்பிரேயரை வரப்பில் இறக்கியதும் சுருளி மருந்துப் புட்டியைக் கேட்பதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பருத்திக்குள் இறங்கிவிடுகிறார். ஐந்தாறு செடிக்கு ஒன்றாக இலையைப் புரட்டிப் பார்த்தபடி மறுகோடிவரை போய், வேறு வழியாகத் திரும்புகிறார். உதடு அசைந்துகொண்டே இருக்கும். கிட்டே போனால்தான் எண்ணுகிறார் என்று தெரியும். "முப்பத்தொண்ணு... முப்பத்திரெண்டு..." பொறிவண்டுக் கணக்கு அது.

டி. கல்லுப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் கூலிக்கு மருந்தடிப்பது அவர் தொழில். வயது நாற்பத்தைந்து இருக்கும். வார் பதிந்த தடம் இரண்டு தோளிலும் கறுத்துக் கிடக்கிறது. பொறிவண்டுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'பொட்டுக்காரி'. அதன் புழு கறுத்து நீண்டு, முதுகெல்லாம் முள்ளோடு பார்க்கவே அருவருப்பாக இருக்கும். அதை 'முதலைக்குட்டி' என்பார், பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எதிர்காற்றில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரை தள்ளி விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். வீடு திரும்பி ஒரு மாதம் படுக்கை. கட்டிலுக்கு நேரே அவரைக்காய்ப் பந்தல். கொடி தெரியாதபடி, சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. நடுவே அந்த முள்முதுகுப் புழுக்கள். மனைவி ஜெயக்கொடி விளக்குமாற்றோடு வந்தார்.

"இந்தக் கருமத்தைத் தட்டி விட்டுட்டு வாரேன்."

"இருடி. அது என்னமோ திங்கிது."

புழு ஓர் அசுவினியைக் கவ்வி உறிஞ்சிவிட்டு, தோலைப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. வேலையற்றுக் கிடந்தவர் நாள் முழுக்க அதையே பார்த்தார். சில நாளில் அது இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் சுருண்டது. பிறகொரு காலையில் வெளிறிய மஞ்சளாக ஒரு வண்டு கூட்டைப் பிளந்து வந்தது. உச்சிவேளைக்குள் முதுகில் கறுப்புப் புள்ளிகள் ஏறிவிட்டன.

"பொட்டு வைக்கிறதை இந்தக் கண்ணால பாத்தேண்ணே. இருவது வருசமா இதுகளைத்தேன் புழுன்னு அடிச்சுக் கொன்னுருக்கேன்" என்பார். அப்போது குரல் இறங்கிவிடும்.

எழுந்து நடமாடியதும் ஒரு தப்பும் செய்தார். சிவனாண்டி என்பவரின் பருத்தியில் பொட்டுக்காரிகளைக் கண்ட பூரிப்பில், மருந்தே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். காய்க்குள் துளைத்துக்கொண்டிருந்த புழுவைச் சுருளி பார்க்கவில்லை. பாதி வெள்ளாமை போயிற்று. சிவனாண்டி இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போதெல்லாம் காய்ப்புழுவைக் கண்டால் சுருளி மறுபேச்சில்லாமல் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, காற்றுப் பார்த்து மருந்தடிக்கிறார். "அவ வாய் எம்புட்டு? பேனைத் திம்பா. காய்ப்புழுவுக்கு அவ ஆக மாட்டா." அசுவினியை அந்தப் பக்கத்தில் பேன் என்றுதான் சொல்வார்கள்.

போன மார்கழியில் ரெங்கம்மாள் கூப்பிட்டனுப்பினார். புருஷன் இல்லாமல் ஒரு ஏக்கரை ஒற்றை ஆளாகப் பாடுபடுகிறவர். இலையெல்லாம் சுருண்டு, பிசுபிசுவென்று ஒட்டியது. சுருளி எண்ணிவிட்டுத் திரும்பினார்.

"மதினி, இன்னிக்கு வேணாம். அஞ்சு நாளு பொறுங்க."

"மருந்தடிக்கக் கூப்பிட்டா சோசியம் சொல்லுற! சிவனாண்டிக்குப் பண்ணுனது போதாதா?"

சுருளியின் முகம் சுண்டிவிட்டது. "அதுக்குத்தேன் மதினி, காயை ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துட்டு வாரேன். புழு இல்ல. பேன் மட்டுந்தேன்."

அன்றைய கூலி இல்லாமல் வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிந்ததும் வந்து பார்த்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அசுவினி குறைந்ததாகத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்து நல்லகாமன் இரண்டு தரம் மருந்தடித்து முடித்திருந்தார். "என்ன ரெங்கம்மா, பூச்சிக்குப் பந்தி போட்டிருக்கியா?" என்று வரப்பில் நின்று சிரித்தார். மூன்றாம் நாள் ரெங்கம்மாள் யாரிடமோ ஸ்பிரேயரை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ தள்ளு. நானே அடிச்சுக்கிறேன்."

சுருளி மறிக்கவில்லை. ஒரு செடியைக் காட்டினார். "அடிங்க மதினி. அதுக்கு முன்னாடி இந்த ஒரு முதலைக்குட்டியை மட்டும் செத்த நேரம் பாருங்க."

ரெங்கம்மாள் வெடுக்கென்று குத்தவைத்து உட்கார்ந்தார். புழு ஒன்றைத் தின்றது, இன்னொன்றைத் தின்றது. பதினெட்டு எண்ணிய பிறகு அவர் எழுந்தார். ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டுபோய் இரவல் கொடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். எட்டாம் நாள் அவர் பருத்தியில் புதுக் கொழுந்து சுருளாமல் விரிந்திருந்தது.

நல்லகாமன் தோட்டத்திலோ அடித்த மருந்தின் வேகம் அடங்கியதும் அசுவினி முன்னைவிட மும்முரமாக ஏறியது. சிரித்தவர் தாமே தேடி வந்தார். "ஏப்பா, எங்க செடியையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போ."

சுருளி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து வந்தார். அன்று அவர் உதடு அசையவே இல்லை.

"ஒண்ணுகூட இல்லண்ணே. அம்புட்டும் செத்துப்போச்சு."

"அப்ப என்ன செய்ய?"

"பத்து நாளைக்கு மருந்தைத் தொடாம இருப்பீகளா?"

நல்லகாமன் தன் பருத்தியைப் பார்த்தார். "பிழைக்குமாப்பா?"

"சத்தியம் பண்ண மாட்டேண்ணே. வந்தா வரும்."

நல்லகாமன் தலையாட்டினார். சுருளி ரெங்கம்மாளிடம் கேட்டு, பொட்டுக்காரி முட்டையிட்ட இலைகளாகப் பார்த்துப் பறித்து வந்தார். ஒவ்வோர் இலையிலும் மஞ்சள் மஞ்சளாக, குத்திட்டு நிற்கும் முட்டைக் கொத்து. வேலமுள்ளை ஒடித்து, நல்லகாமன் செடிகளில் இலைக்கடியில் இலையாகக் கோத்துக்கொண்டே போனார். வெயில் ஏறிவிட்டது. குத்தாத இலைகள் இன்னும் ஒரு கை அளவு வரப்பில் கிடந்தன. சுருளி தலைத்துண்டை அவிழ்த்து வாய்க்காலில் நனைத்துப் பிழிந்து அவற்றின்மேல் போர்த்திவிட்டு, வெறுந்தலையோடு அடுத்த செடிக்குக் குனிந்தார்.