அஞ்சலை வீட்டு வாசல்

போன வாரம் மரக்காணத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று கடையை உரசுகிற மாதிரி போயிற்று. மழையில் நனைந்த கல். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். "இன்னா பாய், சுகர் ஏறிப்போச்சா?" என்றார் கடைக்காரர். என் வயதில் எதற்கும் சுகர்தான் காரணம். அவரிடம் என்னத்தைச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

வேலைக்குப் போகிற வயதில் என்னிடம் இருந்த தகுதி, டைப்பிங் தெரியும் என்பது. இன்னொன்று, சவூதிக்கு விசா கிடைக்காதது. அத்தாவின் பாத்திரக் கடைக்கு எதிரில்தான் எம்எல்ஏ அலுவலகம். அத்தா என்னைக் கூட்டிப்போய் அங்கே உட்கார வைத்தார். எம்எல்ஏ என்றால் அதட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மீன் துன்னுவியா பாய்? மத்தியானம் இங்கதான் சோறு." அன்றிலிருந்து எனக்கும் அவர் அண்ணன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, எதிர்க்கட்சிக்காரர்கள் உட்பட.

அண்ணன் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா கூடையில் மீன் சுமந்து, உப்பளங்களைத் தாண்டி மேற்கே உள்ள ஊர்களுக்கு நடந்தே போய் விற்றவர். கூடையோடு பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், நாறுகிறதாம். ஜெயித்ததும் அண்ணன் செய்த முதல் வேலை, மீன்காரப் பெண்களை ஏற்றாமல் போன பஸ்ஸை நடுரோட்டில் மறித்து நின்றதுதான். சட்டசபையில் பேச நான் ராத்திரி பகலாக டைப் செய்து கொடுத்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "எங்கம்மா மேல அடிச்ச வாசனதாங்க என்ன படிக்க வெச்சது" என்று பேசிவிட்டு வந்தார். என் அழகுத் தமிழ் வீணானதில் எனக்குக் கோபம்.

அவருக்கு இருந்தது ஒரே தங்கை, அஞ்சலை. வடக்கே அடுத்த குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டு வாசல் சாதாரண வாசல் இல்லை. ஏற்றி வைத்த படகுகள், காயும் வலை, கருவாடு, அதைக் காக்கையிடமிருந்து காக்கிற பிள்ளைகள், அதற்கப்பால் மணல், அதற்கும் அப்பால்தான் கடல். பிரச்சாரம் முடிந்து போனால் அந்த மணலில் உட்கார வைத்து வஞ்சிரம் வறுத்துப் போடும் அஞ்சலை அக்கா. நான் கட்சிக்கு உழைத்ததைவிட அந்த மீனுக்கு உழைத்ததுதான் அதிகம்.

இதற்கிடையில் அண்ணன் ஊரைக் கடல் தின்ன ஆரம்பித்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு வரிசை வீடு போகும். கடலுக்குள் கருங்கல் கொட்டித் தடுப்பு போடச் சொல்லி அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இரண்டு ஊருக்கும் சேர்த்துத்தான் கேட்டார். அவர் ஊருக்கு மட்டும் வந்தது. தங்கை ஊருக்கு, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் கல்லைப் போட்டு மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் உள்ளே வரும். கடற்கரையில் பிறந்த அண்ணனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். "இத வேணாம்னா இதுவும் பூடும் பாய். இத வாங்கிக்கினு, அத சண்ட போட்டு வாங்கிடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த கட்டம் வரவேயில்லை. அண்ணன் ஊரில் சேர்ந்த மணலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். வடக்கே முதலில் மணல் போயிற்று. பிறகு படகு ஏற்றும் இடம். பிறகு வீடுகள். அஞ்சலை அக்கா வீட்டில் பின்பாதிதான் மிஞ்சியது. எம்எல்ஏ இனி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று அங்கே ஊர்ப் பஞ்சாயத்து கூடிக் கட்டுப்பாடு போட்டது. கடலோரத்தில் ஊர்க் கட்டுப்பாட்டை மீறப் போலீசாலும் முடியாது, மந்திரியாலும் முடியாது.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணையில் உட்கார முடியாது. தடுத்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாமலே சீர்த்தட்டுகளோடு கிளம்பினோம். வாழைத்தாரைத் தூக்க நான் அகப்பட்டேன்.

ஊர் எல்லையில் பஞ்சாயத்துத் தலைவரும் பத்துப் பதினைந்து பேரும் நின்றிருந்தார்கள். தலைவர் கும்பிட்டார். "எம்எல்ஏவ வராதேன்னுதாங்க சொன்னோம். பொண்ணோட மாமன வராதேன்னு சொல்ல எங்களுக்கு ஏது உரிம? வாங்க."

அண்ணன் கட்சித் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு நடந்தார். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

சீரோடு வரும் அண்ணனை வாசலில் நிறுத்தி, தங்கை கால் கழுவி உள்ளே அழைக்கவேண்டும். அங்கே அதுதான் வழக்கம். ரோட்டோரப் பந்தலிலிருந்து அஞ்சலை அக்கா செம்புத் தண்ணீரோடு வந்தது. எதிரே வந்து நின்றதே தவிர குனியவில்லை.

"வாசல்ல வெச்சுதாண்ணா கழுவணும். எம் வாசல் எங்க இருக்குதுன்னு நீயே காட்டு. அங்க வந்து கழுவறேன்."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அண்ணன் மெதுவாகக் கையைத் தூக்கினார். கடலுக்குள், அலை உடைகிற இடத்துக்கும் அப்பால் காட்டினார். அக்கா அந்த விரல் போன திசையைப் பார்த்தது. பிறகு அங்கேயே, தார் ரோட்டிலேயே உட்கார்ந்து அவர் காலைக் கழுவியது. கழுவிக்கொண்டே அழுதது. நானும் வாழைத்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த தேர்தலில் அண்ணனுக்கு சீட் இல்லை. தங்கை ஊருக்குத் தடுப்பு கேட்கும் மனுவைச் சட்டையில் மடித்து வைத்துக்கொண்டு கடைசிவரை ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா குடும்பம் அதற்கு முன்பே ரோட்டுக்கு மேற்கே கட்டிக்கொடுத்த காலனிக்குப் போயிருந்தது. மொத்தக் குப்பமும் கடலுக்குள் போய்விட்டது.

சாவு வீட்டில் அக்கா மாரடித்துக்கொண்டு அழுதது: "எம் வாசலக் காட்டறதுக்கு இருந்த ஒரு ஆளும் பூட்டியேண்ணா..."

டீக்கடையிலிருந்து அன்று நேராக அக்காவின் பழைய குப்பம் இருந்த கரைக்குத்தான் போனேன். அண்ணன் காட்டிய இடத்தைக் கண்ணால் தேடினேன். என்னாலும் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. அங்கே இப்போது நல்ல ஆழம். படகுகள் அதன் மேலேயே போய்வந்துகொண்டிருக்கின்றன.