இமைக்க மறந்த என் கண்ணும் ஆவுடையம்மாளும்

எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருக்க மனசு கேட்கவில்லை.

நான் சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் பக்கம் போகும் மினிபஸ்ஸின் டிரைவர். பத்தாவது வரை படித்தவன். இருபத்திரண்டு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு கண்ணில் உறுத்தல் தொடங்கியது. மண் விழுந்தமாதிரி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் மண் இருக்காது. காற்றடித்தால் தண்ணீராக வடியும். சாயந்திரம் ஆனால் எதிரே வருவதெல்லாம் புகைக்குள் தெரிவதுபோல் மங்கும்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். கண் வறண்டிருக்கிறது என்றார். தண்ணீர் ஊற்றுகிற கண் எப்படி வறளும்? எனக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு நாளைக்கு நாலு வேளை விடச் சொல்லிச் சொட்டு மருந்து எழுதியிருந்தார். சுண்டுவிரல் அளவு குப்பி. அந்த விலை எங்கள் வீட்டுக்குத் தாங்காது. நாலு வேளையை ஒரு வேளை ஆக்கினேன். ஒரு மாதத்தில் தூக்கிப்போட வேண்டிய குப்பியை மூன்று மாதம் வைத்திருந்தேன். கண் எப்படிக் குணமாகும்?

போன ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. எங்கள் ஊர் ஆனிக் காற்று உங்களுக்குத் தெரியும். புழுதியை அள்ளி முகத்தில் வீசும். வண்டி நிறைய ஆட்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் பக்கத்தில் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். கரிவலத்துக்கு முன்னால் வளைவு திரும்பியதும் கண் மங்கியது. கண்ணை இறுக மூடித் திறந்தால் தெளியும். ஆனால் மூட பயம். விரித்து விரித்துப் பார்த்தேன். ரோடு வெள்ளையாகத் தெரிந்தது. கானல் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி! ஆடு! ஆடு!" என்று கண்டக்டர் இசக்கி கத்தினான்.

பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஒரு குட்டி பம்பருக்கு அடியிலிருந்து துள்ளி ஓடியது. அதற்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், ஆடு மேய்க்கிறவர் கம்போடு நின்றார்.

"ஏலே, கண்ணு என்ன பின்னால பொடதியிலயா இருக்கு? ரோடு அடைக்க ஆடு நிக்கி, தெரியலையா வே?"

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஊர்ந்து ஊர்ந்து வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இறங்கும்போது இசக்கியிடம், "முதலாளிட்ட சொல்லிராதலே" என்றேன். அவன் டிக்கெட் பையை மடித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளைகளின் முகமே கண்ணுக்குள் நின்றது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் எவர் உயிராவது போகும். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு என் டிரிப். அதற்கு முன் கோயிலுக்குப் போனேன். நாங்கள் ஆவுடையம்மாள் என்று கூப்பிடும் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் உள்ள சக்கரக் குழியில் உட்கார்ந்தேன். மனக்கஷ்டம் உள்ளவர்கள் உட்கார்ந்து வேண்டும் இடம் அது.

"தாயே, ஆவுடையம்மா, என் கண் போனாலும் போகட்டும். என் வண்டியில் ஏறுகிற ஒருத்தருக்கும் ஒன்றும் வரக் கூடாது. எனக்கு வழி தெரியவில்லை. நீ காட்டு."

அவ்வளவுதான் கேட்டேன். அழுதுவிட்டேன்.

எழுந்து வந்து புற்றுமண் பிரசாதம் வாங்கினேன். சொறி, படை எதற்கும் பூசுகிறோமே, கண்ணுக்கும் கேட்கும் என்று தோன்றியது. குழாயடிக்குப் போய் உள்ளங்கையில் கரைத்தேன். தலையை அண்ணாந்து கண்ணில் ஊற்றப் போனேன். பளீரென்று கையில் ஓர் அடி விழுந்தது. மண் தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது.

"என்ன காரியம் செய்யுதீய அண்ணாச்சி?"

என் வயசுப் பெண்பிள்ளை. பெயர் செண்பகம் என்று பிறகு தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவைப் பெருக்கித் துடைக்கிற வேலை.

"அம்மன் மண்ணை நெத்தியில வைங்க. கண்ணுக்குள்ள ஊத்தச் சொல்லி ஆவுடையம்மாவா சொன்னா? எத்தனை நாளா செவந்து கெடக்கு?"

நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நான் டூட்டிக்குத்தான் போறேன். கூட வாங்க. அங்கன காசு கேக்க மாட்டாவ."

"பத்து மணிக்கு வண்டி எடுக்கணும்" என்றேன்.

"இந்தக் கண்ணை வச்சிக்கிட்டா? யாரைக் கொல்லப் போறீய?"

அந்த ஒரு வார்த்தை போதும். அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டேன். ஆடு குறுக்கே வந்தது, கண் தெரியாதது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"இசக்கி நேத்தே சொல்லிட்டான் வே. இன்னைக்கு உம்ம கையில சாவியக் குடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீரே சொல்லிட்டீரு. போயி கண்ணைப் பாரும். வேலை எங்கயும் ஓடிறாது."

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கருவி வைத்துப் பார்த்தார். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்பவுமே இப்படி முறைச்சுத்தான் பார்ப்பீங்களா? நானும் பார்க்கிறேன், நீங்க கண்ணையே சிமிட்டலையே."

அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. கண்ணை ஈரமாக வைத்திருப்பது இமைப்புதான். இமையில் எண்ணெய் சுரக்கும் துளைகள் அடைத்திருந்தன. எண்ணெய் இல்லாததால் ஈரம் தங்காமல் காய்கிறது. காய்ந்த கண் எரிச்சல் தாங்காமல் தண்ணீரைக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடுகிறது. சொட்டு மருந்து அங்கேயே இலவசமாகத் தந்தார்கள். காலையும் மாலையும் சூடு பொறுக்கும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் வைக்கச் சொன்னார். காற்று படாமல் கண்ணாடி போடச் சொன்னார். தான் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது, கண்ணை அடிக்கடி இமைக்க வேண்டும் என்றார்.

ஜென்மத்தில் முதல் முறையாக ஒரு டாக்டரிடம் வாய் திறந்து கேட்டேன். "நான் இமைக்கிற நேரத்துல ஆடு வந்துட்டா?"

டாக்டரம்மா சிரித்தார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த செண்பகம் நிமிர்ந்து, "இமைக்காமப் பாத்துக்கிடதுக்குத்தான் கோயில்ல ஒருத்தி நிக்காளே. அது அவ வேலை. நீங்க மனுசன், இமைங்க" என்றாள்.

சக்கரக் குழியில் கேட்டதற்குப் பதில் அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆறு வாரம் வண்டியைத் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டில் டயம் கீப்பர் பக்கத்தில் நின்று ஊர் பேர் சொல்லி ஆள் ஏற்றினேன். கூச்சக்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. உறுத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆடித்தபசுத் திருவிழா முடிந்து, டாக்டரம்மா சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சாவியை வாங்கினேன். நோய் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெந்நீர்த் துணியை விட்டால் நாலு நாளில் திரும்ப வரும். விடுவதில்லை.

போன மாதம் அதே வளைவு, அதே ஆடுகள். தூரத்திலேயே ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். மேய்க்கிறவர் என்னை அடையாளம் கண்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"என்ன வே, கண்ணு முன்னால வந்துட்டா?"

"வந்துட்டு அண்ணாச்சி. ஆவுடையம்மா கொண்டாந்து வச்சிட்டா."

சொந்தங்களே, உங்களுக்கும் சொல்லக் கூசுகிற கஷ்டம் ஏதாவது இருக்கும். அம்மனிடம் சொல்லுங்கள். அவள் யாரையாவது அனுப்புவாள். கையைத் தட்டிவிடுகிறவர் வடிவில்கூட வருவாள். வந்தவரிடம் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நான் அதற்குத்தான் ஏறக்குறைய இரண்டு வருடம் பிந்திவிட்டேன். இப்போது ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு தடவை கண்ணை மூடி அவளை நினைப்பேன். பிறகு இமைத்து இமைத்து ஓட்டுகிறேன். அவள் இமைக்காமல் பார்த்துக்கொள்கிறாள்.