யூதாசின் அப்புக்காத்து

"அப்புக்காத்து அக்கா மோசம் போயிட்டாவாம், மாஸ்ரர்." எங்கள் பழைய அதிபர் தொலைபேசியில் சொன்ன சாவுச்செய்தி இவ்வளவுதான். கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நான் குழாயைப் போட்டுவிட்டு அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன்.

கோப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் அவரோடு படிப்பித்த எல்லாருக்கும் அந்தப் பட்டத்தின் கதை தெரியும். றீற்றா அக்கா சரித்திர ஆசிரியை. வேதநூலை மூலத்தில் வாசிக்கவென்று கிரேக்கம் படித்தவர். ஒருநாள் நான் யாரையோ "உவன் ஒரு யூதாஸ்" என்று திட்ட, தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அவன் என்ன செய்தவன் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"காட்டிக்குடுத்தவன். ஊருக்கே தெரியும்."

"மூலத்திலை உள்ள சொல்லுக்குக் 'கையளித்தான்' எண்டுதான் கருத்து. கடவுள் தன்ரை மகனைக் கையளிச்சார் எண்டு எழுதேக்கையும் அதே சொல்தான். அவருக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமோ?"

நான் சைவக்காரன். ஆனாலும் விடுவேனா? யூதாசுக்காக வழக்காட வந்தவருக்கு அன்றே அப்புக்காத்து என்று பேர் வைத்தேன். கேட்டுச் சிரித்தாரே தவிரக் கோபிக்கவில்லை.

அவரை மடக்கவென்றே நானும் வேதநூலைப் புரட்டினேன். ஓரிடத்தில் யூதாஸ் தூக்குப்போட்டுச் சாகிறான். இன்னோரிடத்தில் நிலத்தில் விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். இதெப்படி என்று கேட்டேன். "அவன் எப்பிடிச் செத்தவன் எண்டு சரியாத் தெரிஞ்சவை ஒருத்தருமில்லைப் போலை. வெறுக்கிறதுக்கு அது தேவைப்படேல்லை," என்றார்.

பிறகொருமுறை அவருடைய பங்குத் தேவாலயத்தில் திருப்பாடுகளின் நாடகத்தைத் திருத்தித் தரக் கேட்டார்கள். காட்டிக்கொடுத்தான் என்று வந்த இடமெல்லாம் வெட்டி, கையளித்தான் என்று எழுதினார். "ரீச்சர், காணி உறுதிப் பத்திரம் கையளிக்கிற மாதிரியெல்லே கிடக்கு!" என்று நடிகர்கள் சிரித்தார்கள். தமிழ் வாத்தி என்று என்னைச் சாட்சிக்குக் கூட்டிப்போனார். தமிழ் சரி என்று நானும் கத்திப் பார்த்தேன். எடுபடவில்லை. பழைய சொல்லே மேடையேறியது.

திரும்பி வரும்போது பேருந்தில் தான் வெட்டி எழுதிய பக்கங்களையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு துக்கமா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. பிறகு தானாகவே சொன்னார்.

"சண்டை முடியேக்கை, சரணடைஞ்சால் பேரைப் பதிஞ்சுபோட்டு விட்டிடுவம் எண்டு ஆமிக்காரர் சொன்னவங்கள். எங்கடை சேவியர் வரமாட்டன் எண்டவன். நான்தான் அவன்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான். அவ்வளவுதான், பிறகு அவனைக் காணேல்லை. நான் என்ன செய்தனான் எண்டு நீர் சொல்லும், மாஸ்ரர்."

சேவியர் அவருடைய ஒரே தம்பி. "கையளிச்சனீங்கள், அக்கா. காட்டிக்குடுக்கேல்லை," என்றேன். யன்னல் பக்கம் திரும்பி அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குடுத்தவனைப் பற்றி எவ்வளவு காலமாக் கதைக்கினம். வாங்கினவையை ஆர் கேட்டது?" என்றார்.

அதன்பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். வீதியோரப் போராட்டக் கொட்டிலில், பிள்ளைகளைக் கையளித்த தாய்மாரோடு, சேவியரின் படத்தை மடியில் வைத்தபடி இருப்பார். மழையென்றாலும் போவார். பதில் வரவில்லை. பதில் வராமலே போய்விட்டார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்று அடக்கத்தில் சுவாமியார், "உமது கைகளில் இவரைக் கையளிக்கிறோம்" என்றார். எனக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் கேட்டது. மண் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் படம் மேசையில் கிடந்தது. அதைத் தரச் சொல்லி அவருடைய பெறாமகளிடம், தங்கையின் மகளிடம், கேட்டேன்.

"உங்களுக்கேன் மாஸ்ரர்?" என்றாள்.

"கொட்டிலிலை அக்காவின்ரை இடம் சும்மா கிடக்கக்கூடாது. என்னட்டைக் கையளி, பிள்ளை."

இரண்டு கையாலும் தந்தாள். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

"வாங்கினது நான். ஆர் கேட்டாலும் என்ரை பேரைச் சொல்லு," என்றேன்.